விலக்கில் போட்ட ஃபோல்டர்

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பொன்னி ஒரு டைப்பிங் கடை வைத்திருந்தாள். தமிழில் அடித்துக் கொடுக்கும் கடைகளுக்கு ஒரு தொல்லை உண்டு. தமிழ் எழுத்து மென்பொருள், நாம் அமுக்கும் ஒவ்வொரு விசையையும் பார்த்துத்தான் எழுத்தை மாற்றும். வைரஸ் தடுப்புக்கு அது திருட்டு வேலையாகத் தெரியும், பிடித்து அடைத்துவிடும். காலையில் 'அன்புடையீர்' என்று அடித்தால் ஏதோ ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும்.

சர்வீஸ்காரர் அன்புமணி வந்து, தடுப்பு மென்பொருளைத் தமிழுக்கு மாற்றி, 'விலக்கு' என்ற தலைப்பின் கீழ் அந்த எழுத்து ஃபோல்டரைச் சேர்த்துவிட்டுப் போனார். தொல்லை தீர்ந்தது. பொன்னிக்கு அந்தத் தலைப்பு பிடித்துப்போயிற்று. வைரஸை விலக்கு என்று அவளாகவே படித்துக்கொண்டாள். பென்டிரைவ் திறக்கும் இடம், வாடிக்கையாளர் ஃபோல்டர்கள் என்று ஒவ்வொன்றாக அங்கே சேர்த்தாள். நௌஷீனின் ஆய்வேட்டை எல்லாவற்றுக்கும் முன்னால் சேர்த்தாள். அவ்வளவு பிரியம்.

நௌஷீன் கடலோரக் கிள்ளை ஊர்ப் பெண். நண்டு பிடிப்பவர்களின் பேச்சைப் பற்றி மூன்று வருடம் அலைந்து எழுதியிருந்தாள். இன்று மாலை ஐந்துக்குள் சிதம்பரத்தில் ஒப்படைக்க வேண்டும். கடைசித் திருத்தம் முடிந்ததும் பதினோரு மணிக்குப் பென்டிரைவை வாங்கிக்கொண்டாள்.

"சிதம்பரம் கீழவீதி ஸ்ரீதர் கடையில பிரிண்ட் போட்டு பைண்ட் பண்ணிடுவேன்க்கா. போன்ல சார்ஜ் சுத்தமா இல்ல. முடிச்சுட்டுப் பேசுறேன்."

அவள் போய் அரைமணி ஆகவில்லை, சேத்தியாத்தோப்பு கொளஞ்சியப்பன் வந்து நின்றார். திருவிழா நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தவர்.

"என்னாம்மா இது, என் பென்டிரைவுல நோட்டீஸைக் காணும், எல்லாம் அம்புக்குறியா இருக்கு? நேத்து உன் மிஷின்ல போட்டு எடுத்ததுதான். என் மருமவன் கம்ப்யூட்டரும் படுத்துக்கிச்சு. அவன் என்னை வூட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டேங்குறான்!"

பொன்னி அன்புமணிக்குப் போன் போட்டாள்.

"விலக்குல எதெது இருக்கு?" என்றார் அவர்.

"முக்கியமானது எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கேன் அண்ணே. வைரஸை விலக்குன்னுதான போட்டிருக்கு?"

"அடக் கடவுளே! அது வைரஸை விலக்குறது இல்லம்மா, காவக்காரனை விலக்குறது. இந்த ரூம் பக்கம் தலை வைக்காதேன்னு சொல்றது!"

பொன்னிக்கு நௌஷீன் கொண்டுபோன பென்டிரைவ் ஞாபகம் வந்தது. அந்தப் பென்டிரைவ் ஸ்ரீதர் கடையில் சொருகப்பட்டால் நௌஷீன் ஒருத்தியோடு போகாது. அங்கே எத்தனை பிள்ளைகளின் ஆய்வேடுகள் இருக்குமோ. நௌஷீனைக் கூப்பிட்டாள், போன் அணைந்திருந்தது. ஸ்ரீதர் நம்பர் அன்புமணிக்கும் தெரியவில்லை. கணினியை அணைத்தாள், ஷட்டரை இறக்கினாள், கிளம்பிக்கொண்டிருந்த சிதம்பரம் பஸ்ஸில் ஓடி ஏறினாள்.

உட்கார இடம் இருந்தது. அவளால்தான் உட்கார முடியவில்லை. ஆலப்பாக்கத்தில் ரயில்வே கேட். புதுச்சத்திரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். "நீ எட்டிப் பார்த்தா மட்டும் பஸ்ஸு வேகமாப் போயிடுமா? உட்காரும்மா" என்றார் கண்டக்டர். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது அவள் படிக்கட்டுக்கே வந்துவிட்டாள்.

கடைசி நாள் என்பதால் ஸ்ரீதர் கடை வாசல்வரை கூட்டம். உள்ளே நௌஷீனின் முறை அப்போதுதான் வந்திருந்தது. பென்டிரைவ் சொருகியாகிவிட்டது. திரையில் சிவப்பாக ஒரு பெட்டி.

"பயப்படாத பாப்பா" என்று ஸ்ரீதர் சொல்லிக்கொண்டிருந்தார். "தமிழ் ஃபைலுன்னாலே இது இப்படித்தான் குரைக்கும். அனுமதின்னு ஒரு தட்டு தட்டுனா வாய மூடிக்கும்."

"தட்டாதீங்க!"

கூட்டம் முழுக்கத் திரும்பியது.

"நீங்க யாருங்க?"

"இதை அடிச்சுக் குடுத்தவ. கெடுத்துக் குடுத்தவளும் நாந்தான். நெசமாவே வைரஸுங்க அது."

நௌஷீன் பொன்னியையே பார்த்தாள். "மூணு வருஷம்க்கா" என்றாள்.

ஸ்ரீதர் சுட்டியை அனுமதியிலிருந்து நகர்த்தி, சுத்தம் செய்யக் கொடுத்தார். பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் பென்டிரைவ் வெறுமையாகக் கிடந்தது. நௌஷீன் துப்பட்டா நுனியைக் கடித்தாள்.

"இருங்க, இருங்க. இந்த வகை அழிக்காது, ஒளிச்சுத்தான் வைக்கும்." ஸ்ரீதர் திரையில் எங்கோ உள்ளே போய், மறைந்தவற்றைக் காட்டும் கட்டத்தில் டிக் அடித்தார். வெளிறிய நிறத்தில் ஃபோல்டர் ஒன்று மேலே வந்தது. உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், நண்டுப் படங்கள் உட்பட. அப்போதுதான் பொன்னி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நாலரைக்கு நௌஷீன் மூன்று பிரதிகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ நகர்ந்ததும் தலையை நீட்டி, "கோவம் இருக்குக்கா. இருந்தாலும் வந்தீங்களே" என்று கத்திவிட்டுப் போனாள்.

திரும்பும் பஸ்ஸில் பொன்னிக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. இருந்தும் நிம்மதி கிடைக்கவில்லை. இந்த வாரம் அவள் கணினியில் பென்டிரைவ் போட்டவர்கள் யார் யார்? விரல் விட்டு எண்ணினாள். லூர்துசாமி சார், வெண்மதி, அத்னான் பாய்... இன்னும் ஏழு பேர். சொன்னால் பாதிப் பேர் கடைப்பக்கமே வரமாட்டார்கள். போனை எடுத்தாள்.

"லூர்துசாமி சாருங்களா? டைப்பிங் கடை பொன்னி பேசுறேன். உங்க பென்டிரைவை எதுலயும் சொருகிடாதீங்க சார். தப்பு என்னுதுதான். சொல்றேன், கேளுங்க."