பத்து கிராம் குறைவு

எங்கள் நாணயச் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடம் நான்தான் எடுப்பேன். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் பாடம். அதற்கு எட்டு வருடமாக ஒரே காசைத்தான் காட்டி வந்தேன். நானூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய வெள்ளித் தாலர். தாடிக்கார அரசன், சுற்றிலும் எழுத்து, எல்லாம் அச்சு அசல். தராசில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். இருபத்தொன்பது கிராம் இருக்க வேண்டியது பத்தொன்பதுதான் இருக்கும்.

அதை எனக்குக் கொடுத்தவன் என் அண்ணன். இருவரும் சேர்ந்தே காசு சேர்த்தவர்கள். நான் கண்வைத்திருந்த அவனுடைய தாலரை என் நாற்பதாவது பிறந்தநாளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான், தந்தான். நானா சும்மா இருப்பேன், வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போதே தராசைக் கொண்டுவந்து வைத்தேன். எடை குறைந்ததும், அசலை விற்றுவிட்டுப் போலியை என் தலையில் கட்டுகிறாயா திருடா என்று கேட்டுவிட்டேன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னொரு தடவை நல்லா பாருடா" என்றான் அண்ணன்.

அது எனக்குத் திமிராகப் பட்டது. வாயை மூடு என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. அவன் மகள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை.

போன ஞாயிறு காலை புதிதாக வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். நாங்கள் காசை விளிம்பில் இரண்டு விரலால்தான் பிடிப்போம். அதன் முகத்தில் கை பட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்த மனிதரோ தாலரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தி, கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றுவது போல ஒரு திருகு திருகினார். நான் பாய்ந்து பிடுங்குவதற்குள் காசு இரண்டாகக் கழன்றது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு அசல் தாலர்களைக் குடைந்து, உள்ளே மரை போட்டு, ஒரே காசு போலத் தெரியும் சிமிழாக அந்தக் காலத்தில் செய்திருக்கிறார்கள். நானே படித்திருக்கிறேன். நான் ஆசைப்பட்ட தாலரைவிடப் பல மடங்கு அரிதான சாமான் அது. குடைந்ததால்தான் எடை குறைந்திருக்கிறது. எட்டு வருடம் தராசைப் பார்த்த முட்டாள் ஒரு முறை விளிம்பைத் திருகிப் பார்க்கவில்லை.

சிமிழுக்குள் வட்டமாக வெட்டிய ஒரு காகிதம் இருந்தது. கடிகாரக்காரர் அதை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்துவிட்டார். அண்ணன் எழுதியது.

"நீ கேட்ட தாலரைக் குடுத்துட்டுத்தான் இதை வாங்கினேன். திறக்க உனக்கு ஒரு வாரம் டைம். திறந்ததும் போன் போடு, சேர்ந்து சிரிக்கலாம்."

என் முகத்தில் ஈயாடவில்லை. சங்கமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் கூசிப்போய் வெளியே வந்தேன். எண் மனப்பாடமாகத்தான் இருந்தது. அண்ணன் உடனே எடுத்தான்.

"திறந்துட்டியா?" என்றான்.

அவன் சிரிக்கவில்லை.