சிலுவையில் படிந்த கரி

"கொடியில போட்ட துணியெல்லாம் கறுத்துப் போவுது பாருங்க. தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது."

"ஜெட்டு விடுற புகை, ராஜி. உங்கப்பா எடுத்துக் குடுத்த வேட்டின்னு அதுக்குத் தெரியுமா?"

சவரி சிரித்தான். ராஜமேரியும் சிரித்துவிட்டாள். அது அறுபத்தெட்டாம் வருஷம். பெங்களூரில் விமானத்துக்குச் சாமான் ஏற்றும் வேலை அவனுக்கு. ஓடுபாதை முடியும் இடத்தை ஒட்டி ஒற்றை அறையில் குடித்தனம். ஒவ்வொரு விமானமும் கூரையை உரசுவது போல எழும்பும். பின்னாலேயே மண்ணெண்ணெய் நாற்றம் இறங்கும். இடுப்பிலிருக்கும் ஒரு வயது லூர்து இருமுவாள். 'ஊருக்கே போயிடலாங்க' என்று ராஜமேரிக்கு அன்றே வாய்வரை வந்தது. அவன் வேலை நிரந்தரமாகட்டும் என்று விழுங்கிவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் லூர்து மூச்சுத் திணறி இறந்தாள். விமானங்கள் தாழப் பறக்கும் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம். சவரி வேலையை விட்டான். இருவரும் மொரப்பூர் பக்கம் சொந்தக் காட்டுக்குத் திரும்பினார்கள்.

ஆறு வருஷமாகக் கல்லறைத் திருநாளுக்கு அவன் மட்டும் லூர்துவின் சிலுவைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புப் பையோடு பெங்களூருக்கு ரயிலேறுகிறான். திரும்பி வந்து, "சிலுவை வெள்ளை வெளேர்னு இருக்குது புள்ள" என்பான்.

விமானமே வராத இந்த ஊரிலும் சில மத்தியானங்களில் அந்த நாற்றம் வரும். கடலைக்காட்டில் களை பறிக்கும் அவள் கை நின்றுவிடும். முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன இருமல். திரும்பினால் செடிகூட அசையாது.

இந்த வருஷம் அவள் பையை உதறியபோது அடியில் போன வருஷத்துத் துண்டு கிடந்தது. சிலுவையைத் துடைத்த துண்டு. அதே கரி, அதே பிசுபிசுப்பு.

வழியனுப்பப் போன மொரப்பூர் ஸ்டேஷனில் அதை அவன்முன் நீட்டினாள்.

"இது என்னங்க?"

சவரி தலைகுனிந்தான். "வருஷம் திரும்பறதுக்குள்ள கறுத்துடுது. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"லூர்து இன்னமும் இருமறாளுங்க."

பைத்தியம் என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் தண்டவாளத்தையே பார்த்தபடி மெல்லச் சொன்னான்: "எனக்கும் கேக்குது."

ரயில் வந்து நின்றது. அவன் தூக்கிய பையை அவள் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

"சுண்ணாம்பு வேண்டாங்க. அங்க கோயில் சாமியார்கிட்ட உத்தரவு கேட்டு, நம்ம புள்ளையக் குழியிலருந்து எடுத்து ஊருக்குக் கூட்டியாந்துடுங்க."