பலகைக்கு ஒரு மார்க்

வல்லக்கோட்டையைத் தாண்டி இருந்த அந்த ரிசார்ட்டில் கட்டடம் யேசுராஜுடையது, பெயர் மும்பைக் கம்பெனியுடையது. தலையணை உறையின் நிறத்திலிருந்து, விருந்தினரைக் கும்பிடும்போது கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதுவரை கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. அதை நடத்திக் காட்டுவது மேனேஜர் பெனிட்டாவின் வேலை. ஆண்டுக்கு இருமுறை ஆடிட் வரும். நூற்றுக்கு எண்பத்து நான்கு வேண்டும். போன முறை எண்பத்தொன்றுதான் கிடைத்தது. மறுபடியும் குறைந்தால் வாசலிலுள்ள கம்பெனிப் பெயர்ப் பலகையைக் கழற்றிவிடுவார்கள். ஒரகடம் தொழிற்சாலைகள் தங்கள் வெளிநாட்டு இன்ஜினீயர்களை அந்தப் பலகையை நம்பித்தான் அனுப்பின.

இந்த முறை ஆடிட்டர் பகலவன் இரண்டு நாள் சாதாரண விருந்தினர்போலத் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் காலை அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். எண்பத்து மூன்று.

"ஒண்ணுதானே சார். பாத்துப் போட்டுக் குடுங்க," என்றார் யேசுராஜ்.

"நானா போட முடியாது. கிளம்புறதுக்குள்ள ஒரு குறைய சரி பண்ணிட்டீங்கன்னா அந்த மார்க் வரும்." பகலவன் டேப்லெட்டைத் திருப்பினார். காபிக் கோப்பையை நீட்டும் ஒரு வலது கை. அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும். "ஊழியர் தோற்றம். இது ஒண்ணுதான் இன்னைக்கே முடியும்."

தங்கமாரியின் கை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் மூன்று விரல்களைப் பறிகொடுத்தவள். குன்றத்தூரில் ஒரே ஹாஸ்டலில் இருந்த பெனிட்டாதான் அவளை இங்கே சேர்த்துவிட்டாள். பதினான்கு மாதத்தில் ஒரு கோப்பை உடைந்ததில்லை.

"லாண்டரிக்கு மாத்திடறேன் சார்," என்றாள் பெனிட்டா.

"அங்க கையுறை கட்டாயம். விரல் சரியாப் பொருந்தணும்னு விதி இருக்கு. ஊழியர் லிஸ்ட்லயே பேர் இல்லாமக் காட்டுங்க."

"கெஸ்ட் யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?"

"இல்லையே. நல்ல பொண்ணுன்னுதான் எழுதியிருக்காங்க." அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை.

யேசுராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "முப்பத்தாறு பேரு பொழைச்சிக்கினு கீறாங்கம்மா. நீயே சொல்லிடு. நீ சொன்னா கேக்கும் அந்தப் பொண்ணு."

சமையலறை நடையில் வைத்து பெனிட்டா சொன்னாள்.

"வேலையில எதும் தப்பு செஞ்சிட்டேனாக்கா?"

"இல்லடி."

"பெறகு?"

பெனிட்டாவின் கண் அந்தக் கைமேல் போய்விட்டது. தங்கமாரி அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"என் கையப் பாத்தா அருவருப்பா இருக்குன்னு சாப்பிட வாரவுக சொன்னாகளாக்கா?"

"யாரும் சொல்லல."

"அப்ப யாருக்குத்தான் அருவருப்பு?"

பெனிட்டா கையிலிருந்த கடிதத்தை நீட்டினாள். சொந்த விருப்பத்தில் விலகுவதாக பெனிட்டாவே அதை டைப் செய்திருந்தாள். தங்கமாரி இடது கையால் கையெழுத்துப் போட்டாள். பகலவன் புதிய பட்டியலைப் படம் எடுத்து ஏற்றினார். எண்பத்து நான்கு. எல்லோரும் பலகைக்குக் கீழே படத்துக்கு நிற்கும்போது அவர் மறுபடி சீருடைக் கணக்குத் தாளைப் பார்த்தார்.

"சீருடைக் கோட்டு ஒண்ணு குறையுதே."

பெனிட்டா வாசல் கேட்டுக்கு ஓடினாள். சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோவுக்காகத் தங்கமாரி சாலையோரம் நின்றிருந்தாள், சுடிதாருக்கு மேல் கோட்டோடு. பெனிட்டா அதைக் கேட்டதும் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள். முதல் பொத்தானே விரல்களுக்குப் பிடிபடாமல் நழுவியது.

"சீக்கிரம்மா, அவரு கெளம்புறாரு," என்று உள்ளேயிருந்து யேசுராஜ் குரல் கொடுத்தார்.

பெனிட்டாவே ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். ஆட்டோ வருகிறதா என்று சாலையைப் பார்த்தபடியே, தங்கமாரி கைகளை அகட்டி நின்றுகொடுத்தாள்.