கோமு பேருக்கு வந்த கடிதம்

கல்லிடைக்குறிச்சியில் விலைக்கு நின்ற அந்த வெள்ளை ஹைபிரிட் காரைப் பார்த்ததுமே முகம்மது இப்ராஹிமுக்குப் பிடித்துப் போயிற்று. மகள் இஷ்ரத்துக்கு எதுவும் லேசில் பிடிக்காது. அந்த வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள். நாலு கேள்வி கேட்காமல் ஒரு சோப்புக்கட்டி கூட வாங்க மாட்டாள்.

“இம்புட்டுக் கம்மியாத்தான் ஓடியிருக்கு. ஏன் சார் விக்குதிய?”

கோபாலசுப்பிரமணியன் ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“போன ஜூலை இருபது. சேரன்மகாதேவி தாண்டி லாரி பின்னாடி இடிச்சுட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. பக்கத்துல இருந்த கோமு போயிட்டா, என் ஆத்துக்காரி. நான் நேரத்துக்கு பிரேக் மிதிக்கலேன்னு பையன் சொல்றான். அதுலேர்ந்து பேசறதில்லை. வண்டியைப் பேட்டை ஒர்க்‌ஷாப்புல விட்டுத் தட்டி எடுத்தாச்சு. உட்காரத்தான் முடியலை.”

“போதும்ளா, விடு” என்று இப்ராஹிம் மகளின் கையைத் தொட்டார். அவள் அதற்குள் வண்டியின் சேசிஸ் எண்ணைப் போனில் தட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது.

“பிரேக்குல கோளாறு, மாத்தித் தாரோம்னு கம்பெனிக்காரனே கூப்பிட்டிருக்கான் சார். திடீர்னு பெடல் கல்லு மாதிரி இறுகிருமாம். இந்த வண்டிக்கு இன்னும் மாத்தல. தெரிஞ்சேதான் எங்க தலையில கட்டுதியளா?”

“ஏளா!” என்றார் இப்ராஹிம்.

வாத்தியார் கோபப்படவில்லை. “கல்லு மாதிரியா?” என்று மெல்லக் கேட்டார். “நான் மிதிச்சேன்மா. ரெண்டு காலாலயும் மிதிச்சேன். யாரும் நம்பலை. அப்புறம் நானே நம்பறதை விட்டுட்டேன்.”

இஷ்ரத்தின் கோபம் வந்த இடம் தெரியாமல் போயிற்று. “கடிதம் போட்டிருப்பாங்களே சார்?”

வண்டி கோமு பேரில் இருந்தது. அவள் பேர்தான் ராசி என்று வாங்கியது. அவளுக்கு ஓட்டவும் தெரியாது, கம்பெனிக்காரன் எழுதும் இங்கிலீஷும் புரியாது. மனைவி பேருக்கு வந்த தபாலை அவர் பிரிப்பதில்லை. அதை மரியாதை என்று நினைத்தார். இருவரும் பிரிக்காத உறைகள் பீரோவில் கட்டாக இருந்தன. கம்பெனி பேர் போட்டதை எடுத்து இஷ்ரத் கிழித்தாள். பிரேக்தான்.

வாத்தியார் மகனுக்குப் போன் போட்டார். மூன்றாம் தடவைதான் எடுத்தான்.

“ஸ்ரீசரண், வெச்சுடாதேடா. என் மேல தப்பில்லைடா. கம்பெனியே எழுதியிருக்கான். இந்தப் பொண்ணு வாசிக்கறா, கேளு.”

அவள் வாசித்து முடித்தாள். ஸ்பீக்கரில் குரல் உடைந்து வந்தது. “அப்பா… உன்னை என்னெல்லாம் சொல்லிட்டேன்.” மூக்கை உறிஞ்சினான். “தேதி என்னங்க போட்டிருக்கு?”

கேட்டால் உள்ளதைச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். மனசு தடுக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

“ஜூன் பதினொண்ணு.”

இப்ராஹிம் கண்ணை மூடிக்கொண்டார்.

“அஞ்சு வாரம் முன்னாடி” என்றான் ஸ்ரீசரண். “அஞ்சு வாரம் ஆத்துலயே இருந்திருக்கு. அம்மா உன்கிட்ட காட்டலையா?”

“காட்டினாடா. உன் பேருக்குத்தானே வந்திருக்கு, நீயே வெச்சுக்கோன்னேன்.”

போன் துண்டிக்கப்பட்டது.

“சார், நான்…” என்று ஆரம்பித்த இஷ்ரத் கடிதத்தை நீட்டினாள்.

வாத்தியார் அதை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார். கிழிந்த ஓரத்தை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டப் பார்த்தார்.

“பிரேக்கைச் சும்மாவே மாத்தித் தருவாளோன்னோ?” என்றார். “மாத்திண்டு ஓட்டுங்கோ.”