தணிகாசலம் கொடுத்த கப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில் அன்று வேலையே ஓடவில்லை. வருடாந்திர மருத்துவ முகாம்! நாஷ்டா சாப்பிடாமல் வந்த நாற்பது பேர், பெயர் ஒட்டிய பிளாஸ்டிக் கப்பும் கையுமாகக் கழிவறை வாசலில் முண்டியடித்தார்கள். அத்தனை பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். முகாமில் தேறியவர்களில் பத்துப் பேருக்கு அடுத்த வாரம் பர்மனென்ட் ஆர்டர்.

அன்புராஜின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. மூன்று மாதமாக அவனுடைய வலது விதையில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. போதாக்குறைக்கு இடுப்பைப் பிளக்கும் வலி. சில நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. கேன்சர்தான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டான். டாக்டரிடம் காட்டினானா? இல்லை. மனைவி இளமதியிடமாவது சொன்னானா? அதுவும் இல்லை. அந்த இடத்தைப் பற்றி வாய் திறந்தால் ஆம்பிளை மானம் என்னாவது! வெட்கத்துக்காக உயிரையே பணயம் வைத்த புத்திசாலி.

உலைப் பிரிவில் நிரந்தர வேலையில் இருக்கும் தணிகாசலத்தின் காதைக் கடித்தான். "அண்ணே, என் கப்புல நீ போய்க் குடுண்ணே. எனக்கு எதுனா வந்துட்டா வேலை போயிடும்."

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிற? குடு நைனா. எனக்கு நாளைக்குத்தான் டெஸ்ட்டு. நம்மளது இரும்பு ஒடம்பு!"

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முகாம் நர்ஸ் ஆரோக்கியமேரி அறையிலிருந்து குரல் கொடுத்தார். "யாருப்பா அன்புராஜு? ஓடி வா! யூரின்ல சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு!"

அன்புராஜின் விரலில் குத்தி ரத்தத்தைப் பார்த்தார். சர்க்கரை தொண்ணூறு, சரியான அளவு. மறுபடியும் குத்தினார். அப்போதும் தொண்ணூறுதான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இருபது வருஷமா கேம்ப் பாக்கறேன். உண்மையச் சொல்லு, இது யார் குடுத்த கப்பு?"

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயையோ சிஸ்டர், அது என்னுது! அப்போ சர்க்கரை எனக்கா? காலைலகூட மூணு டீ குடிச்சேனே!"

வரிசை மொத்தமும் கொல்லென்று சிரித்தது. ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை. புதுக் கப்பு ஒன்றை அன்புராஜிடம் நீட்டினார். அவன் திரும்பக் கொண்டுவந்தது இளஞ்சிவப்பாக இருந்தது. கதவைச் சாத்தியதும் அவன் உடைந்துபோனான்.

"விதையில கட்டி இருக்குது சிஸ்டர். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"கண்ணுல கட்டி வந்தா இப்படித்தான் மறைப்பியா? இதுவும் ஒடம்புதான். இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பு!"

சென்னைக்குப் போகும் ரயிலில் வழிநெடுக இளமதி அவனை விடவில்லை. "ஒரே ஊட்ல இருந்துக்கினு எங்கிட்டயே மறைச்சிருக்கியே! நான் இன்னா மூணாம் மனுசியா?" என்று திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள்.

ரத்தம், ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள். சின்ன ஆபரேஷன் செய்து கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று இருவரும் டாக்டர் எதிரில் உட்கார்ந்தார்கள்.

"கேன்சர் இல்ல" என்றார் டாக்டர்.

இளமதி துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "நெஜமாவா டாக்டர்? இன்னொரு தபா சொல்லுங்க!"

நோயின் பெயர் சார்காய்டோசிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி வழிதவறி, உறுப்புகளில் சின்னச் சின்ன முடிச்சுகளை உண்டாக்கும். பெரும்பாலும் நுரையீரலில் வரும். அபூர்வமாக விதையிலும் சிறுநீரகத்திலும் வரும். உடம்பில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தில் கல்லாகும். ரத்தம் வந்தது அந்தக் கல்லால்தான். தொற்றும் நோய் அல்ல, தப்பான நடத்தையால் வருவதும் அல்ல.

"மாத்திரைக்குக் கேக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கிட்னியே போயிருக்கலாம்" என்றார் டாக்டர்.

பர்மனென்ட் ஆர்டர் ஒரு வருடம் தள்ளிப்போனது. அதற்காக அவன் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த வருட முகாமில், கூட வேலை செய்யும் பாக்கியநாதன் பின்னாலிருந்து தன் கப்பை நீட்டினான். "அன்பு, எனக்கு ஒண்ணுக்குப் போற எடத்துல எரிச்சல். நீ குடேன்."

அன்புராஜ் அதைத் தொடவில்லை. வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "எனக்கு விதையில கட்டி வந்துச்சு! வெக்கப்பட்டு மறைச்சேன், கிட்னி போவப் பாத்துச்சு! அந்த எடத்து நோவும் நோவுதான்யா. மறைச்சா டாக்டருக்குத்தான் தெரியாது, ஒடம்ப வுட்டுப் போவாது!"

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. பாக்கியநாதன் கழிவறைப் பக்கம் போகாமல், நேராக ஆரோக்கியமேரியின் அறைக்குள் நுழைந்தான்.