புல்லட்டுக்குச் சர்க்கரை குறைந்த வெள்ளிக்கிழமை

1

இந்தக் கதை ஒரு துண்டுப் பிரசுரமாகத்தான் பிறந்தது. கதையாக வேண்டும் என்ற ஆசை அதற்கு இருந்ததில்லை. கெடுத்தது நான்.

போத்தனூரில் என் பூனைக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் சண்முகப்ரியா போன மார்ச் மாதம் ஓர் உதவி கேட்டார். உள்ளங்கை அளவு நாய்க்குட்டிகளை வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதுகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் எப்படித் தெரிந்துகொள்வது, உடனே என்ன செய்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள், கிளினிக் சுவரில் ஒட்டுகிறேன் என்றார். நீங்கள்தான் எழுதுகிறவராயிற்றே என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த ஒரு வாக்கியத்துக்கு மயங்கி நான் எழுதித் தொலைத்த கல்யாணப் பத்திரிகைகளும் கண்ணீர் அஞ்சலிகளும் கொஞ்சநஞ்சமல்ல.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "வாயில்லா ஜீவன்களின் உலகில் இனிப்பு என்பது வெறும் சுவையல்ல, அது" —

டாக்டர் இங்கேயே நிறுத்திவிட்டார். வாய் இருக்கிறது, ஈறில்தான் தடவச் சொல்கிறோம் என்றார். இரண்டாவது வரைவில் உவமை அதிகம். மூன்றாவதில் உவமையே இல்லை, விஷயமும் இல்லை. உதாரணத்துக்கு ஒரு கேஸ் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஞானாபரணம் வீட்டு வெள்ளிக்கிழமையைச் சொன்னார். அதோடு பிரசுரம் முடிந்தது, பிழைப்பும் கெட்டது.

2

ஞானாபரணத்தைப் போய்ப் பார்த்தேன். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரையும் தெருவையும் மாற்றி எழுதுவதாகச் சத்தியம் செய்த பிறகே வாயைத் திறந்தார். மாற்றியிருக்கிறேன். (அவர் மனைவி அற்புதத்தின் பெயரையும் மாற்றினேன். அந்தம்மாள் அதற்கு அவசியமில்லை, நான் ஒன்றும் ஒளிக்கவில்லை என்றார்.)

ஞானாபரணத்துக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. அற்புதத்தின் அண்ணனுக்கு அதே வியாதியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே அற்புதம் வீட்டிலிருந்த சீனி, வெல்லம், தேன், ஜாம் எல்லாவற்றையும் பையில் கட்டி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் எட்டு வருடமாக இனிப்பு என்று ஒரு பொட்டு கிடையாது. அந்த அம்மாளுக்கு இருந்தது கோபமல்ல, பயம். இதை நான் அழகாகச் சொல்ல முயன்று நான்கு வாக்கியம் அடித்தேன். பயம்தான்.

ஒருமுறை உடுமலைப்பேட்டை பஸ்ஸில் ஞானாபரணத்துக்குச் சர்க்கரை இறங்கிப்போயிற்று. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறந்திருந்தார். கை நடுங்கி, வேர்த்து, எதிர் சீட்டு ஆள் இரண்டாகத் தெரிந்தாராம். அதற்குப் பிறகு அவருடைய டாக்டர், எப்போதும் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும் என்று அனுமதித்தார். ஞானாபரணத்துக்கு வாரத்துக்கு நான்கு முறை சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. அற்புதம் அந்த அனுமதியை ரத்து செய்தார்.*

* அனுமதி ரத்தானதில் அற்புதத்தின் பக்கம் தப்பு இருக்கிறது என்று டாக்டர் சண்முகப்ரியா எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

நாய் வந்ததும் இந்த வியாதியால்தான். தினம் நடந்தால் சர்க்கரை குறையும், நாய் இருந்தால் மனுஷன் நடப்பார் என்று அற்புதம் கணக்குப் போட்டார். கடைக்காரன் கொடுத்த மினி பொமரேனியன் குட்டி ரெண்டு மாசம், அறுநூறு கிராம். அது பத்தடி நடந்தால் ஞானாபரணம் பதினோராவது அடியில் அதைத் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். புல்லட் என்று பேர் வைத்தார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டில் இவர் பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்ட ஒரே ஆள் புல்லட். அதனிடம் உயிரையே வைத்திருந்தார்.

3

இனி அந்த வெள்ளிக்கிழமை.

(ஒரு தொடக்கம்: "மதிய வெயில் போத்தனூர் ரயில் பாதையில் உருகிக்கொண்டிருந்தது." அன்று மழை. விடுங்கள்.)

அற்புதத்தின் வீட்டில் உபவாச ஜெபம். சபைப் பெண்கள் பத்துப்பேர் காலை பத்து மணிக்கு வந்து, மூன்று மணிவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெபிப்பார்கள். ஜெபக் குறிப்பு ஒன்றுதான்: சகோதரர் ஞானாபரணத்தின் சர்க்கரை குறைய வேண்டும். அவர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் அவருக்கு மட்டும் விலக்கு. காலை ஆறு மணிக்கே ராகிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, அடுப்பை அணைத்து, அற்புதம் வீட்டைத் துடைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு மரியாதை கொஞ்சம் தூக்கல். பட்டினி கிடக்கிறவர்கள் முன்னால் தட்டு வைப்பது இங்கே பெரிய கேவலம். அதனால் ஹாலில் இருந்த புல்லட்டின் கிண்ணத்தைக்கூட அற்புதம் எடுத்துப் பின்கட்டில் கவிழ்த்து வைத்தார். அதற்கு முன்பே அற்புதம் குட்டிக்கு ஊட்டியிருப்பார் என்று ஞானாபரணமும், ஞானாபரணம் தம் கஞ்சியில் பாதி கொடுத்திருப்பார் என்று அற்புதமும் நினைத்துக்கொண்டார்கள். இருவருமே அதற்குத் திருட்டுத்தனமாக ஊட்டுகிறவர்கள், அதனால் இந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. உண்மையில் புல்லட் கடைசியாகச் சாப்பிட்டது முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு. இந்த அளவுக் குட்டிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது வயிற்றில் விழ வேண்டும். அதன் உடம்பில் சேமிப்பு என்று எதுவும் இல்லை.

பாட்டு, சாட்சி, ஜெபம். புல்லட் ஒரு சத்தம் போடவில்லை. வழக்கமாகச் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும் குட்டி, அன்று பாய் ஓரத்தில் சுருண்டு கிடந்தது. எவ்வளவு அடக்கம் பாருங்கள், ஆராதனை நேரம் அதுக்கும் தெரிகிறது என்று பெண்கள் மெச்சினார்கள். அற்புதத்துக்குப் பெருமையாக இருந்தது.

பிரசுரத்தில் நான் எழுதியிருக்க வேண்டிய முதல் வரி இதுதான்: துள்ளுகிற குட்டி திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டால் பயப்படுங்கள்.

ஒரு மணி சுமாருக்கு அது எழுந்தது. நாலு அடி வைத்தது, பின்னங்கால் மடங்கிச் சாய்ந்தது. மறுபடி எழ முயன்றது. தலை தானாக ஆடியது. பிறகு உடம்பு முழுக்க நடுக்கம். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. குளிர் என்றார் ஒருவர். வலிப்பு, ஒரு இரும்பைக் கையில் கொடுங்கள் என்றார் இன்னொருவர். எந்தக் கையில் என்று யாரும் கேட்கவில்லை. சபைத் தலைவி ஜெபத்தின் சத்தத்தைக் கூட்டினார்.

ஞானாபரணம் அதைத் தூக்கினார். காது ஜில்லென்று இருந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தார், ஈறு வெளுத்திருந்தது. கிண்ணத்தில் எத்தனை மணிக்குச் சோறு வைத்தாய் என்று மனைவியைக் கேட்டார். நான் எங்கே வைத்தேன் என்றார் அவர். அந்த நடுக்கமும் அந்தப் பார்வையும் தமக்கு உடுமலைப்பேட்டை பஸ்ஸில் வந்தவை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதுக்குச் சக்கரை எறங்கிப்போச்சுங்க" என்றார். "சக்கரை வேணும்."

பத்துப்பேரும் ஜெபத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

4

இந்த இடத்தில் எனக்கும் ஞானாபரணத்துக்கும் தகராறு.

உடனே செயல்பட்டேன் என்கிறார் அவர். நான் நம்பவில்லை. அற்புதம் சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நடுவில் நான்கு நிமிடம் இடிக்கிறது. அந்த நான்கு நிமிடம் அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை, மற்றதெல்லாம் பிரசுரம்.

சமையலறையில் சர்க்கரை தேடினார்.

எட்டு வருடமாக அங்கே சர்க்கரை இல்லை என்று அவரைவிட நன்றாக அறிந்த மனிதர் உலகத்தில் இல்லை. இருந்தும் டப்பா டப்பாவாகத் திறந்தார். மிளகைப் பார்த்தார், கடுகைப் பார்த்தார், உப்பைத் தொட்டு நக்கியும் பார்த்தார். அதற்குள் பெண்களில் ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்கு ஓடினார். போய் வரப் பத்து நிமிடம் ஆகும். ஞானாபரணம் சும்மா நின்றால் போதும், சர்க்கரை தானாக வந்துவிடும், அவர் குட்டும் உடையாது. கையில் குட்டி விறைத்துக்கொண்டே வந்தது.

(கொஞ்சம் பொறுங்கள். குட்டி செத்துப்போகிற மாதிரியும் ஒரு முடிவு எழுதினேன். சோகமாக முடித்தால் இலக்கியம் என்பார்கள். இரண்டு நாள் வைத்திருந்து கிழித்துவிட்டேன். புல்லட் இன்றைக்கு ஒன்றேகால் கிலோ. போன வாரம் என் செருப்பைக் கடித்தது. இனி நிம்மதியாகப் படியுங்கள். நிம்மதி இல்லாதது வேறு இடத்தில் இருக்கிறது.)

அவர் ஏன் நின்றார் என்று எழுத எனக்கும் கூச்சமாக இருக்கிறது. அவர் கெட்டவர் அல்ல. ஹாலில் இத்தனை பெண்கள் வயிறு காய்ந்து அவருக்காக முட்டி போட்டிருக்கிறார்கள். அவர்களோடு கட்டிய மனைவியும், நாற்பது வெள்ளிக்கிழமையாகப் பட்டினி கிடக்கிறவள். அவள் முன்னால் அதைத் திறப்பதா? வெட்கம் அவர் காலைக் கட்டியது.

பிறகு புல்லட்டின் கால்கள் வெட்டி இழுத்தன.

5

ஹால் சுவரில், ஜெபக் கூட்டத்தின் தலைக்கு நேர் மேலே, பழைய ஃபியூஸ் பெட்டி ஒன்று இருந்தது. அபாயம் என்று சிவப்பில் எழுதி, மண்டையோடும் எலும்பும் போட்ட பெட்டி. பேரப்பிள்ளைகள் வந்தால் அற்புதம் முதலில் காட்டி எச்சரிப்பது அதைத்தான். துடைக்கும்போதுகூடத் துணியை அதன் பக்கம் கொண்டுபோக மாட்டார். ஞானாபரணம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறினார்.

"ஏனுங்க, தொடாதீங்க. ஷாக் அடிச்சுப்போடும்" என்றார் அற்புதம்.

"அதுல கரண்டே இல்ல, அற்புதம்."

திறந்தார். மாத்திரை டப்பா ஒன்று நிறைய நாட்டுச் சர்க்கரை, தேங்காய் பர்பி, கடலை மிட்டாய், பாதி கடித்துத் தாளில் சுற்றிய மைசூர்பா. ஒரு பர்பி தவறிச் சபைத் தலைவியின் மடியில் விழுந்தது. ஆமென் என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

இறங்கி, வெந்நீர் கேட்டார். ஒரு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரையை வெதுவெதுப்பான துளி நீரில் குழைத்தார். ஒரு பெண் டம்ளரில் கரைத்து வாயில் ஊற்ற வந்தார். நினைவில்லாத வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று ஞானாபரணம் தடுத்தார். விரலில் தொட்டு, பல் கடித்துவிடாமல் கன்னத்து உட்பக்கமாக ஈறில் தடவினார். மறுபடி தடவினார். மற்றதெல்லாம் யாரும் சொல்லாமலே அற்புதம் செய்தார்: குட்டியை வாங்கித் துண்டில் சுற்றி, வயிற்றோடு அணைத்து முந்தானையால் மூடினார். கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாறு நிமிடத்தில் நடுக்கம் நின்றது. நாக்கு வெளியே வந்து ஈறை நக்கியது. கடைக்குப் போனவர் ஒரு கிலோ சீனியோடு நனைந்து வந்து நின்றார். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, மறுபடி இறங்கும் என்பதும் ஞானாபரணத்துக்குத் தெரிந்திருந்தது. ஆட்டோவில் ஏறினார்கள்.

வழி முழுக்க அற்புதம் பேசியது டிரைவரிடம் மட்டும்தான். மெதுவாகப் போகச் சொன்னார்.

6

சண்முகப்ரியா குட்டியின் காது நுனியில் ஊசி குத்தி, ஒரு துளி ரத்தத்தைச் சோதனைக் கருவியில் வைத்தார். பரவாயில்லை, ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். பூச்சி மருந்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாடு, குளிர் படாமல் வைப்பது எல்லாம் சொன்னார். இந்த இனிப்பு வைத்தியத்தை நேரத்துக்குச் செய்தது யார், அவர்தான் காப்பாற்றியிருக்கிறார் என்றார்.

"இவருதானுங்க" என்றார் அற்புதம். பிறகு கணவரின் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தார். "டாக்டரம்மா, அதே மிஷின்ல இவருக்கும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

இது நாய்களுக்கான கிளினிக் என்று டாக்டர் எடுத்துச் சொன்னார்.

"பரவால்லீங்க" என்றார் அற்புதம்.

டாக்டர் புது ஊசி, கருவியில் செருகும் புதுச் சோதனைப் பட்டை எடுத்தார். ஞானாபரணத்தின் மோதிர விரலை அற்புதம் விடாமல் பிடித்திருந்தார். துளி விழுந்தது. அந்தக் கருவி எண்ணைக் காட்ட ஐந்து நொடி எடுக்கும்.

பிரசுரத்துக்கு ஒரு முடிவு எழுதினேன், எல்லோரும் சிரிக்கிற மாதிரி. அன்று அங்கே யாரும் சிரிக்கவில்லை. எண் குறைவாக வந்து ஜெபம் கேட்கப்பட்டது என்று இன்னொன்று எழுதினேன்; அதிகமாக வந்தது என்று மற்றொன்று. டாக்டர் சொன்ன எண்ணும் ஞானாபரணம் சொன்ன எண்ணும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அதை விடுங்கள், ஏனென்றால் கருவி ஐந்திலிருந்து எண்ணி இரண்டுக்கு வந்தபோதே அவர் வாயைத் திறந்துவிட்டார்.

"காலைல ஒண்ணு தின்னுபோட்டேன், அற்புதம். கஞ்சிக்கு மேல. நேத்தும்தான். எல்லா வெள்ளிக்கிழமையும்தான்."

அற்புதம் கருவியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார். தம் அண்ணனின் காலையும், தம் நாற்பது பட்டினியையும், முந்தானைக்குள் சூடாகத் தூங்குகிற அறுநூறு கிராமையும் சேர்த்துவைத்துப் பார்த்த பார்வை என்று நான் எழுதினேன். அப்படியா என்று அற்புதத்தையே கேட்டேன். அதெல்லாம் உங்கள் கதை என்றுவிட்டார். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, காபி வைக்கிறேன் என்று எழுந்து போனார். சர்க்கரை இல்லாத காபி.

ஆகவே கிளினிக்கில் அற்புதம் இருந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மடியில் குட்டி, கையில் அவர் விரல். திட்டுவதானால் திட்டுங்கள், அழுவதானால் அழுங்கள், என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். விரலை மட்டும் விட்டுவிடாதீர்கள், ரத்தம் இன்னும் நிற்கவில்லை.