கைவிடாத பச்சை

தாபியோவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், குரல் தாழ்ந்துவிடும். அன்று காலைக் காபிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அது முணுமுணுப்பாகவே ஆகியிருந்தது.

"ஐலி, கட்டுரை இன்னைக்கு அனுப்பணும். அந்த ஒரு படத்தை எடுத்துடு."

"எடுக்க மாட்டேன்."

பின்லாந்தின் துர்க்கு நகரத்து அந்த ஆய்வகத்தில் பேராசிரியர் தாபியோவுக்கு அப்படி யாரும் பதில் சொன்னதில்லை. ஐலியுடன் வேலை பார்க்கும் யூஹோ, வாய்க்குக் கொண்டுபோன பன்னைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

விவகாரம் அனெக்சின் என்ற புரதத்தைப் பற்றியது. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து விளைவித்து எடுத்து, பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றுவார்கள். கால்சியம் இருந்தால் சாகிற செல்லின் சவ்வைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்தை நீக்கினால் விட்டுவிடும். தாபியோ அதில் சிறு மாற்றம் செய்து, சாகிற செல்லை இன்னும் துல்லியமாகக் காட்டும் என்று எழுதியிருந்தார். ஐலி சோதித்தபோது கால்சியத்தை நீக்கிய பிறகும் அது விடவில்லை. நன்றாக உயிரோடிருக்கும் செல்லிலும் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிர்ந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். அதே பச்சை. அந்தப் படத்தைத்தான் கட்டுரையில் சேர்த்திருந்தாள்.

"நீ ஒழுங்காக் கழுவியிருக்க மாட்டே," என்றார் தாபியோ.

"அப்ப நீங்களே செஞ்சு காட்டுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

"ஆய்வகக் கோட்டு எந்த ஆணியில தொங்குதுன்னாவது அவருக்கு ஞாபகம் இருக்கா?" என்றான் யூஹோ. யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை எழுப்பியது.

சோதனை மேசைக்கு வந்து வருஷங்களாகியும் அவர் கை சுத்தமாகத்தான் வேலை செய்தது. ஐலி அதை மறுக்கவில்லை. கால்சியத்தை உறிஞ்சும் திரவத்தை விட்டார், கழுவினார், மறுபடி கழுவினார். நுண்நோக்கித் திரையில் பச்சை அசையவில்லை.

தாபியோ கையுறையைக் கழற்றி எறிந்தார். "இந்தப் புட்டி கெட்டுப்போயிருக்கும். கட்டுரை அப்படியே போகும்."

"என் பேர் இல்லாமப் போகட்டும்."

"பேர் இல்லேன்னா இலையுதிர் காலத்துக்கப்புறம் உனக்கு இங்க மேசையும் கிடையாது."

ஐலி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். நாளைக்கு எங்கேயோ ஒருத்தி இதை வாங்கித் தன் செல்லு மேல விடுவா. உயிரோட இருக்கறதைச் செத்துப்போச்சுன்னு எழுதுவா. அவளுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

"என் பேரையும் எடுத்துடுங்க," என்றான் யூஹோ. அவன் அவளுக்கு நண்பனல்ல. ஒரே பதவிக்குப் போட்டி போட்டவன்.

கட்டுரை அன்று போகவில்லை, பிறகும் போகவில்லை. தாபியோவும் சொன்னதைச் செய்தார். ஐலியின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அதற்குள் அவள் எல்லாப் படங்களையும் சேர்த்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி தன் பெயரில் வெளியிட்டுவிட்டாள்.

கடைசி நாள் நடைபாதையில் எதிரே தாபியோ வந்தார். அவள் பக்கத்துப் படிக்கட்டில் இறங்கிப் போயிருக்கலாம். நேராக நடந்தாள்.

"போயிட்டு வரேன், தாபியோ."

அவர் கையிலிருந்த தாளிலிருந்து தலை தூக்கவில்லை.

"போயிட்டு வரேன்னு சொன்னேன்," என்றாள், அறைகளில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.